கூரைக்குக் கீழே வெள்ளித் தாள்

போடி,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மதினி மருதாயி அவர்களுக்கு,

போடியிலிருந்து சந்திரவல்லி எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரர் உங்கள் அண்ணனும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். மலையில் நீங்களும், உங்கள் மகன் மாப்பிள்ளை லிங்கேஸ்வரனும், என் மகள் ரேணுகாவும், அவள் வயிற்றில் இருக்கிற சிறு உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் போய்க் கடுதாசி எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். உங்கள் எஸ்டேட்டில் டவர் கிடைப்பதில்லை. பேச வேண்டுமென்றால் ரேணுகா லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற பாறையில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. இந்த வயிற்றோடு அவள் பாறையில் நிற்கிறாள் என்று தெரிந்தால் எனக்கு வேறு பேச்சே வருவதில்லை, இறங்கு இறங்கு என்றுதான் வருகிறது. அதோடு நான் சொல்ல நினைப்பது அவள் காதில் விழக்கூடாது. அதனால்தான் ஜீப்பு ஓட்டுகிற சுருளிவேலிடம் கொடுத்துவிடுகிறேன். ஏலக்காய் பறிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு தினமும் விடியலில் உங்கள் லயத்து வாசல் வழியாகத்தானே போகிறான். நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள். கண்ணாடி இல்லை, நீயே வாசி என்று அவளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வளைகாப்புக்கு நீங்கள் சொல்லி அனுப்பிய நாள், பங்குனி கடைசி வெள்ளி, எங்களுக்குச் சம்மதம். சோற்று வகை எல்லாம் நானே இங்கிருந்து கட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் மலைக்குளிரில் புளியோதரை கெட்டுப்போகாது, தயிர்ச்சோறுதான் உறைந்துபோகும். வளையல் போட்ட பிறகு பிள்ளைத்தாய்ச்சி அன்றைக்குப் புருசன் வீட்டில் தங்கக்கூடாது, பெற்றவள் கையோடு கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறக்கிக் கூட்டிவந்து அவளை எங்கே படுக்கவைப்பது என்பதுதான் மதினி, இப்போது என் கவலை.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வாய்க்கால் ஓரம், ஒரு அறை, அதை ஒட்டி அடுப்படி, மேலே தகர ஷீட்டு. சித்திரை பிறந்துவிட்டால் பகலில் அந்த ஷீட்டுக்குக் கீழே எங்களாலேயே இருக்க முடியாது. நான் ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோனுக்குப் போய்விடுவேன், அவர் வேப்பமரத்தடியைத் தேடிப் போய்விடுவார். பிரசவத்துக்கு வந்த பிள்ளை எங்கே போவாள்?

போன சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது ரேணுகாவுக்கு நாலு மாதம். அந்த அறையில்தான் மயங்கி விழுந்தாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் எழுத வேண்டாம். வெக்கையினால்தான் பிள்ளை தங்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நீங்களும் அன்றைக்கு எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்தீர்கள், அவள் தலையைத் தடவினீர்கள், கூட்டிக்கொண்டு போனீர்கள். நீங்கள் ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இப்போது உங்கள் அண்ணன் கூரைக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார். வெள்ளித் தாள் மாதிரிப் பளபளவென்று ஒரு ஷீட்டு விற்கிறது. தகரத்துக்குக் கீழே அடித்தால் வெயிலின் சூட்டை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுமாம். அதில் ஒரு சுருள் வாங்கி வந்து அறை நடுவில் போட்டிருக்கிறார். மூட்டுவலி என்று மலையிலிருந்து இறங்கிய மனிதர், இரண்டு வருடமாகப் பரணில் இருக்கிற அரிசிப் பானையை எடுத்துத் தராதவர், இப்போது மேசை மேல் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறார். மகளுக்கு என்றால் மூட்டும் சேர்ந்து வேலை செய்கிறது.

எனக்கு ஒரே ஒரு பயம். ஷீட்டு விற்ற சின்னமுத்து, தகரத்தோடு ஒட்டி அடிக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள், காற்று போக வழி வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். இவரா கேட்பார்? இருபது வருடத்துக்கு மேல் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தினவர் இல்லையா. ‘சூட்டப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டான். காத்துப் பட்டா ஈரம் ஏறும், ஈரம் ஏறுனா காய் நெறம் போயிரும்’ என்கிறார். மூட்டை கட்டுகிற மாதிரியே வீட்டையும் கட்டுகிறார் மதினி. சாக்குக்குள் கறுப்புப் பாலித்தீன் போட்டு வாயை இறுக்குவோமே, அதே மாதிரி வெள்ளித் தாளைத் தகரத்தோடு ஒட்டி அடித்து, அதற்கும் கீழே கறுப்புப் பாலித்தீனை இழுத்துக் கட்டி, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த சந்துகளை எல்லாம் சிமெண்டு வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். பாலித்தீன் எதற்கு என்றால் ஈரம் உள்ளே வராமல் இருக்கவாம். உள்ளே இருக்கப்போவது காய் இல்லை, நம் பிள்ளை என்று சொன்னேன். போய்ச் சோலியைப் பார் என்றார். போய்ப் பார்த்தேன், வேறென்ன செய்வது.

ஒருவேளை அவர் செய்வது சரியாகவே இருக்கலாம். எனக்கு எதைப் பார்த்தாலும் இப்போது பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். சுருளிவேலிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். நாட்டு அத்திப்பழம், காய வைத்தது. ரேணுகாவுக்குக் கொடுங்கள், நீங்களும் ரெண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அவளைப் பாறை ஏற விடாதீர்கள்.

மலையும் அதன் மேல் இருக்கிற நீங்கள் எல்லோரும் குளிர்ந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மதினி
சந்திரவல்லி


போடி,
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் சுகந்தானே. நாங்களும் சுகம். அத்திப்பழம் கிடைத்தது, ரேணுகா உட்கார்ந்த இடத்தில் தின்று தீர்த்துவிட்டாள் என்று சுருளிவேல் சொன்னான். சந்தோசம்.

ஒரு விஷயமாக அவசரமாக எழுதுகிறேன். வளைகாப்புக்குக் குறித்த வெள்ளிக்கிழமை அவ்வளவு நல்ல நாள் இல்லை என்று இங்கே தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்கிறார். சித்திரை பிறந்து ஒரு நாள் பார்த்தால் தேவலை என்கிறார். நாலு நாள் தள்ளினால் என்ன குறைந்துவிடப்போகிறது? உங்கள் பக்கம் குளுகுளுவென்று இருக்கிறது. பிள்ளையும் உங்கள் கைப்பக்குவத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். சித்திரையில் முடியாவிட்டால் பிரசவமே அங்கே நடந்தாலும் எனக்கு மனவருத்தம் இல்லை. ஜீப்பில் இறங்கினால் நல்ல ஆஸ்பத்திரி எந்தப் பக்கமும் இருக்கிறது. நான் வேண்டுமானால் மேலே வந்து கூட இருக்கிறேன்.

இங்கே கோடை மழை இரண்டு தடவை பெய்தது. கூரை வேலை முடிந்துவிட்டது. கட்டிலை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கிறது, மெத்தை மேல் ஒரு குண்டான் வைத்திருக்கிறேன். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. உங்கள் அண்ணனுக்குக் கொஞ்சம் இருமல்.

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் நாளைத் தள்ளிவையுங்கள் மதினி. மாப்பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சந்திரவல்லி


போடி,
பங்குனி மாதம், திங்கட்கிழமை.

அன்பும் பெரிய மனசும் உள்ள மதினி மருதாயி அவர்களுக்கு,

உங்கள் பதில் வந்து சேர்ந்தது. கடுதாசியாக வரவில்லை. ஜீப்பு ஸ்டாண்டில் அத்தனை பேர் நிற்கும்போது சுருளிவேல் வாய்வழியாகச் சொன்னான். ‘பெத்தவளுக்குப் பாரமா இருந்தா சொல்லிரச் சொல்லு, எங்க பிள்ளைய நாங்க பாத்துக்கிருவோம், நாளு நச்சத்திரம்னு சாக்குச் சொல்ல வேணாம்’ என்று சொல்லிவிட்டீர்களாம். அவன் மேல் தப்பில்லை, சொன்னதைச் சொன்னான். நான் அங்கேயே பூ விற்கிறவளின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வந்தது. வீட்டுக்கு வரும்வரை உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் நடந்தேன். வந்து முகம் கழுவின பிறகுதான் நீங்கள் கேட்டது நியாயம் என்று பட்டது. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூப்பிடாத தாயைப் பற்றி வேறு என்ன நினைப்பார்கள்? நாள் சரியில்லை என்று எனக்கு எந்த ஜோசியரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னதுதான். உண்மையை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் கூரை வேலையை முடித்த அன்று மத்தியானம் அந்த அறை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். சும்மா படுத்தால் தெரியாதே. தலையணையை வயிற்றில் வைத்துச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தேன். சிரிக்காதீர்கள் மதினி. ரேணுகாவை வயிற்றில் சுமந்தபோது எப்படி ஒருக்களித்துப் படுத்தேனோ அப்படியே படுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டியது. வெள்ளித் தாள் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து காய்ந்தது. அதன் பளபளப்பைக் கறுப்புப் பாலித்தீன் மூடிவிட்டதால் அந்தப் பாலித்தீன்தான் என் முகத்துக்கு நேரே அனலைக் கொட்டியது. முன்பாவது சுவர் சந்து வழியாக ஒரு சொட்டுக் காற்று வரும். அதையும் அடைத்தாயிற்று. எழுந்து வெளியே வந்தபோது எனக்கு வெக்கையில் வேர்த்ததைவிடப் பயத்தில் வேர்த்ததுதான் அதிகம்.

அவரிடம் சொன்னேன். இப்பத்தானே அடித்திருக்கிறேன், பழகப் பழகச் சரியாகும் என்றார். கூரை எப்படிப் பழகும்?

அதற்குள் மழை வந்தது. மழைக்கு மறுநாள் விடியலில் கன்னத்தில் சொட்டு விழுந்து முழித்தேன். கூரையில் ஓட்டை என்று நினைத்து அவர் மேலே ஏறித் தேடினார், ஒரு ஊசித் துளைகூட இல்லை. நான் ஸ்டூலில் ஏறிப் பாலித்தீனைத் தடவிப் பார்த்தேன். கை முழுக்கத் தண்ணீர். சோறு வடிக்கிற ஆவி, நாங்கள் விடுகிற மூச்சு, மழை ஈரம் எல்லாம் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி, ராத்திரி தகரம் குளிர்ந்ததும் பாலித்தீனில் முத்து முத்தாகக் கோர்த்து எங்கள் தலையிலேயே விழுகிறது. நாலைந்து நாளில் சுவரெல்லாம் கறுப்பாகப் பூத்துவிட்டது. மெத்தையில் ஊசல் வாடை. அவருக்கு இருமல் பிடித்தது அதனால்தான். அந்தச் சமயத்தில்தான் நாள் சரியில்லை என்று உங்களுக்கு எழுதினேன். பகலில் வேகிற அறையில், விடிந்தால் ஒழுகுகிற அறையில், என் பிள்ளையைக் கூட்டிவந்து எப்படிப் படுக்கவைப்பேன்?

இவ்வளவு ஆன பிறகும் உங்கள் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரம் உள்ளே இல்லவே இல்லை, நிரூபிக்கிறேன் பார் என்று உலர்ந்த ஏலக்காய் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பிப் பரணில் வைத்தார். அவர் நம்புகிற ஒரே சாட்சி அதுதானே. மூன்றாம் நாள் எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உலர்ந்த காய் என்றால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். சத்தமே இல்லை. இன்னொன்றைக் குலுக்கினார். அதுவும் ஊமை. தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

அப்போதுதான் நான் அவரிடம் கேட்டேன். ஸ்டோரில் பச்சைக்காயைக் கொட்டிச் சூடு ஏற்றும்போது காய் வேர்க்கும். வேர்க்கிற நேரத்தில் மேலே இருக்கிற சன்னலைத் திறந்து ஆவியை வெளியே விடாவிட்டால் மொத்தக் காயும் அவிந்துபோகும் என்று நீங்கள்தானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், காய் வேர்த்தால் சன்னலைத் திறப்பீர்கள், மனுசி வேர்த்தால் அடைப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு வந்துவிட்டாள்.

அவர் நேரே போய் மேசை மேல் ஏறினார். வெயில் உச்சியில் இருந்தது. சாயங்காலம் பிரிக்கலாம் என்றேன், கேட்கவில்லை. பாலித்தீனைக் கையாலேயே கிழித்தார். ஆணியைப் பிடுங்கும்போது தகரத்தில் பட்டுப் புறங்கை கொப்பளித்தது. ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று காலைப் பிடித்து இழுத்தேன். அப்படியே மேசை மேல் உட்கார்ந்துவிட்டார். ‘அந்தப் பிள்ளைய எங்க வீட்டு வெக்கதான் முழுங்கிருச்சுன்னு ஜீப்புல பேசிக்கிட்டு வந்தாக சந்திரா. நான் பின்னாடி சீட்டுல இருந்தேன், அவுகளுக்குத் தெரியாது. அதான் ஒரு பொட்டு வெக்க உள்ள வரக்கூடாதுன்னு அடச்சேன்’ என்றார். அழுதார் மதினி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

யார் பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்திருக்காது என்று நினைக்கிறேன். வந்திருந்தாலும் பாதகமில்லை. என் மனசும் அதைத்தான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கூரைக்கு விடிவு வந்தது. கூரை மூலையில் ஒரு இடத்தில் ஆணி பிடிக்காமல் வெள்ளித் தாள் பாலித்தீனையும் பிய்த்துக்கொண்டு முன்பே தொங்கிப்போயிருந்தது. தகரத்துக்கும் அதற்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடம். பிரிக்கிற வேலை நடக்கும்போது அந்த மூலையில்தான் கட்டிலை ஒதுக்கியிருந்தேன். மத்தியானம் அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு, அறையில் மற்ற இடத்தைப் போல இங்கே உச்சந்தலை காந்தவில்லையே என்று உறைத்தது. எழுந்து நடுவில் போய் நின்றேன், மூலைக்கு வந்து நின்றேன், திரும்ப நடுவில் போய் நின்றேன். உங்கள் அண்ணன் எனக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார். பிறகு அவரையும் நிற்கவைத்தேன். சின்னமுத்து சொன்ன ஒரு சாண் இடைவெளி என்ன செய்யும் என்று அந்தப் பிய்ந்த மூலைதான் எங்களுக்குக் காட்டியது.

சின்னமுத்துவையே கூட்டிவந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். தகரத்துக்குக் கீழே மரச்சட்டம் அடித்து, ஒரு சாண் தள்ளி, பளபளப்பு கீழே தெரிகிறபடி வெள்ளித் தாளைக் கட்டியாயிற்று. சூடேறின காற்று மேலே ஏறி வெளியே போகிறபடி கூரை உச்சியில் சாரல் அடிக்காமல் ஒரு திறப்பு வைத்திருக்கிறது. சிமெண்டு வைத்த சந்துகளை எல்லாம் அவரே உளியால் தட்டித் திறந்து கொசுவலை ஒட்டினார். அடுப்படிச் சுவரைக் கூரை முட்ட எழுப்பியாயிற்று, இனிச் சோற்று ஆவி அடுப்படிச் சன்னல் வழியாகத்தான் போகும். கறுப்புப் பாலித்தீனில் மிச்சம் இருந்ததை வாய்க்கால் பக்கத்துச் சுவருக்கு வெளியே மண்ணைத் தோண்டி அடிவரை இறக்கி மூடியிருக்கிறோம். ஈரம் ஏறுவது அந்தப் பக்கமாகத்தான். அதைத் தடுக்க வேண்டிய இடமும் அதுதான். கறுத்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இலவம்பஞ்சு மெத்தை வாங்கியாயிற்று. நேற்றும் மழை பெய்தது. காலையில் கூரையைத் தடவினேன், கையில் ஈரம் இல்லை.

இன்றைக்கு மத்தியானம் மறுபடியும் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். மூச்சு முட்டவில்லை. வேர்த்தது, ஆனால் பொறுக்கிற வேர்வை. கண் அசந்துகூட விட்டேன் என்று அவர் சொல்கிறார். அவருக்கு ஒரே சந்தோசம். வாசலில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உள்ளே வந்து பாருங்கள் என்கிறார்.

எனக்கு மட்டும் இன்னும் பயம் விடவில்லை. ஏன் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். என் உடம்பு இந்தத் தகரத்துக்குக் கீழேயே காய்ந்து பழகின உடம்பு. எனக்குப் பொறுக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ரேணுகா இங்கே பிறந்தவள்தான், ஆனால் இப்போது அவள் உடம்பு உங்கள் மலைக்குப் பழகிவிட்டது. போன சித்திரையிலும் எனக்குப் பொறுத்தது மதினி. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. வெக்கையாக இருக்கிறது அம்மா என்று அவள் சொன்னபோது இந்த ஊரில் இதெல்லாம் ஒரு வெக்கையா என்று விசிறியைக் கொடுத்துவிட்டு நான் குடோனுக்குப் போனேன். என் உடம்பை வைத்து இனி ஒரு முடிவு எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் பழக்கத்தில் இல்லாததுதான். வளைகாப்பு நீங்கள் குறித்த வெள்ளிக்கிழமையே நடக்கட்டும். நான் விடியலில் சோறு கட்டிக்கொண்டு சுருளிவேலின் ஜீப்பிலேயே வந்துவிடுகிறேன். திரும்பும்போது ரேணுகாவோடு நீங்களும் ஏறி வாருங்கள். மருமகளின் தாய் வீட்டில் மாமியார் போய்த் தங்குவதா என்று லயத்தில் பேசத்தான் செய்வார்கள். இங்கேயும் பேசுவார்கள். பேசிக்கொள்ளட்டும். நீங்கள் மலையிலேயே பிறந்து மலையிலேயே இருக்கிறவர். உச்சி வெயில் நேரத்தில் அந்தக் கட்டிலில் நீங்கள் படுத்துப் பாருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம், உங்கள் அண்ணன் முகத்தையும் பார்க்க வேண்டாம், அவர் பாவமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். இருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் என் பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன். ஆகாது என்று சொன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு மறுநாள் ஜீப்பிலேயே ஏறிவிடுங்கள். நான் வாசல் வரை வந்து ஏற்றிவிடுவேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளை எந்த வீட்டில் அழுதாலும் எனக்குக் காது குளிரும், அது அழ வேண்டும், அவ்வளவுதான்.

ரேணுகாவுக்கு என் ஆசீர்வாதம். இதில் எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். அம்மா வளையல் வாங்கிவிட்டாள், பச்சையும் சிவப்புமாக வாங்கியிருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு விளக்கு நின்று எரிய வேண்டும், நீங்கள் எல்லோரும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

அறையில் இரண்டு கட்டில் போட்டுவிட்டேன் மதினி. ஒன்று அவளுக்கு, ஒன்று உங்களுக்கு. நான் நடுவில் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்த்திருக்கும்
சந்திரவல்லி